பசிக்காத சூளை

டெரன்ஸ் கேட்டது கடல் நிறத்தில் நாற்பது கிண்ணம்.
மாதிரிக்குக் கைபேசியில் ஒரு படம் காட்டினார்:
நிலாவெளி, ஆனி மாதம், காலை பத்து மணி.

என்னிடம் இருந்த மெருகுக் குறிப்பு
கண்டியில் காஸ் சூளை வைத்திருக்கும் மங்களேஸ்வரியுடையது.
இரும்பு ஒரு வீதம்.
காற்றை அடைத்து எரிப்பாள்.
மூச்சு முட்டும் நெருப்பு
இரும்பின் வாயிலிருந்தே ஒட்சிசனைப் பிடுங்கும்,
பறிகொடுத்த இரும்பு பச்சையாகும்.

என்னுடையது மின்சூளை.
அதற்குப் பசி கிடையாது.
கம்பிச் சுருள் சிவக்கும், உள்ளே காற்று தாராளம்,
இரும்பு வயிறுமுட்டத் தின்று
தேத்தண்ணி நிறத்தில் ஏவறை விடும்.

"ஆயிரத்து இருநூற்று இருபதுக்கு மேல ஏத்தாதீங்க அக்கா,
சுருள் பத்தாது" என்றான் சப்ரி.
கிண்ணியாவிலிருந்து வந்து
மூன்றாம் முறையாக மாற்றித் தந்தவன், சொல்லலாம்.
அவள் சூட்டுக்கு அறுபது பாகை குறைவு.
உருக்குவதற்குப் போரன் கூட்டினேன்.
சுண்ணத்துக்கு மட்டிச்சிப்பி சுட்டு அரைத்தேன்,
எண்பதாம் நம்பர் அரிப்பு, இரண்டு தரம்.
புல்மோட்டைக் கறுப்பு மணல் ஒரு சிட்டிகை போட்டதில்
ஒன்பதாம் ஓட்டில் அம்மை வார்த்தது.
பதினான்கு கொதித்துக் கொப்புளமாய் நின்றது.
பதினைந்தை எழுதிவைக்க மறந்துபோனேன்,
அதுதான் நன்றாக வந்தது.

செம்பு போட்டால் நீலம் வரும்.
சோடா கூடிய கலவை, செப்புக் காபனேற்று மூன்று கிராம்,
வந்தது, நிலாவெளியே வந்தது.
பாதித் தேசிக்காயை அதில் கவிழ்த்து
இரவு முழுக்க விட்டேன்.
விடிய எடுத்துப் பார்த்தால்
காய் இருந்த இடம் வட்டமாய் வெளிறிக்கிடந்தது.
அந்தச் செம்பு இப்போது சாற்றில்.
ஹோட்டலில் மீனுக்குத் தேசிக்காய் பிழியாமல்
வேறென்ன பிழிவார்கள்?

மார்கழியில் உமிச்சாம்பல் வாங்க மூதூர்ப் படகேறினேன்.
பையில் தேத்தண்ணிக் கிண்ணம் ஒன்று.
கொட்டியாரக் குடா நடுவில்
மகாவலி மலைநாட்டு மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து
கண் எட்டும் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.
கிண்ணத்தைக் கம்பிக்கு மேலே பிடித்தேன்.
எது தண்ணீர், எது மெருகு?
பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்தவர்
"விழுந்திடப் போகுது பிள்ளை" என்றார்.

படம் எடுத்து அனுப்பினேன்: இதுவும் கடல்தான்.
மூதூர் இறங்குமுன் டெரன்ஸின் பதில்:
"உண்மைதான். ஆனால் வெள்ளைக்காரன் ஆனியில்தான் வருவான்."

சரி.
உள்ளே மார்கழி, வெளியே ஆனி என்று பூசினேன்.
உதடு படும் விளிம்பில் செம்பு ஏறாமல்
விரலகலம் துடைத்துவிட்டேன், நாற்பதுக்கும்.
நள்ளிரவில் மின்சாரம் இருபது நிமிடம் போய் வந்தது.
கூம்பு சாய்ந்ததா என்று துவாரத்தில் கண் வைத்து
இமை மயிர் கருகியதுதான் மிச்சம்.

மறுநாள் மாலை, கை பொறுக்கும் சூட்டில் திறந்தேன்.
டிங், டிங் என்று ஒவ்வொன்றாய் ஆறிக்கொண்டிருந்தன.
ஒன்றில் மட்டும் துடைத்த கை தவறியிருக்க வேண்டும்,
இரண்டு மெருகும் சந்தித்து வழிந்து
தராசில் நான் நிறுக்காத ஒரு சாம்பல் ஊதா,
வழிந்தபடியே தட்டோடு ஒட்டி நின்றது.

டெரன்ஸ் முப்பத்தொன்பது எண்ணினார்.
"ஒன்று தட்டோடு பிடித்துக்கொண்டது" என்றேன்.
பொய்யில்லை.
உளி வைத்தால் வந்துவிடும்.
வைக்கவில்லை.