இரண்டு எர்த்

சோப்புப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
தவணை இன்னும் மூன்று பாக்கி.
முதுகில் மூன்று வாய்:
ஒன்று என் காலடி ஆம்ப்ளிஃபயருக்கு,
ஒன்று தடித்த கேபிள் வழியே மிக்சருக்கு,
ஒன்று ஹெட்போனுக்கு.
இந்தக் கடைசி வாய்க்குத்தான் என்னை நன்றாகத் தெரியும்.
பிள்ளை தூங்கியபின் அடுக்களைத் தரையில்
நான் தப்பும் தவறுமாய் வாசித்ததையெல்லாம்
ஒருத்தரிடமும் அது சொன்னதில்லை.

பகலில் மார்த்தாண்டத்தில் கண்ணாடிக்கடை வேலை.
வட்டச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி
‘இது தெளிவா, இதுக்கு முந்தினதா?’
என்று கேட்பது பிழைப்பு.
ராத்திரி அதையே என்னிடம் கேட்கிறேன்.
மிட் குமிழை ஒரு நூல் ஏற்றி
இதுவா?
ஒரு நூல் இறக்கி
முந்தினதா?

திரையில் பெயர் எழுத எட்டு எழுத்துக்கே இடம்,
அதுவும் ஆங்கிலம்.
அதனால் மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதி
டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்:
1. சர்ச் உள்ளே. எதிரொலி ஜாஸ்தி, அடியை வெட்டு.
2. கல்யாண மண்டபம், தகரக்கூரை.
3. மைதானம்.
4.
நாலுக்குப் பெயர் இல்லை.
கோரஸ் ஒரு துளி, டிரைவ் அரைத் துளி,
ஐப்பசியில் மழைக்கு முன்னே
ரப்பர் தோட்டத்தில் காற்று நின்றுபோகுமே,
அந்த அழுத்தம்.
அதைச் சேமிக்க ஒரு வாரம் பிடித்தது.

களியக்காவிளை தாண்டி ஒரு சந்தில் திருநாள் மேடை.
இடது கால் இங்கே, வலது கால் கேரளத்தில்.
என் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட்
சோபிதம் தையல்கடையிலிருந்து.
மிக்சருக்கு எதிர்வரிசைப் பால் சொசைட்டியிலிருந்து.
கேபிளைச் செருகினேன்.
ம்ம்ம்ம்ம்ம்ம்
என்றது மைதானம் முழுக்க.
பந்தல்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

‘எர்த்து ரெண்டாணு சேச்சி’
என்றான் மிக்சரிலிருந்து ஷிபுலால்.
இந்த மண்ணும் அந்த மண்ணும்
ஒரே கம்பியில் முட்டிக்கொண்டு முனகுகின்றன.
அதற்கென்று பெட்டியின் விலாவில் ஒரு பொத்தான்,
விரல் நுழையாத குழிக்குள்.
கம்மலைக் கழற்றி
அதன் தண்டால் அழுத்தினேன்.

நின்றது.
செக்போஸ்டில் கோழி லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுப்பது கேட்டது.

அன்றைக்கு நாலாம் எண்ணை ஏழு பாட்டில் மிதித்தேன்.
ஒவ்வொரு முறையும் காலடியில் அது விரிந்தது.
டிரம்ஸில் டெல்வின் ராஜுக்கு ஜலதோஷம்,
தாளம் சற்றே பின்தங்கியது,
அதைக்கூட அந்த ஒலி தாங்கிக்கொண்டது.
இதோ எல்லோரும் கேட்கிறார்கள் என்று
கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒருநாளும் மேடையில் கண்ணை மூடாதவள் நான்.

ஒன்றரை மணிக்கு,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கும்போதுதான் பார்த்தேன்.
விலாவில் பொத்தான் இரண்டு.
பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு.
இருட்டில் இரண்டையும் அழுத்தியிருக்கிறேன்.
எர்த்தைத் துண்டிப்பது ஒன்று.
மற்றது
எந்தக் குமிழும், எந்த எஃபெக்டும், எந்த எண்ணும் தொடுமுன்னே
கம்பியில் விழுந்ததை விழுந்தபடி
மிக்சருக்கு அனுப்பிவிடுவது.

ஆக
என் ஒரு வார மழை
என் முழங்கால் மட்டும்தான் பெய்திருக்கிறது.
மைதானத்துக்குப் போனது
வெறும் விரல்.
நகம் பட்ட இரண்டு இடம் உட்பட.

ஷிபுலால் வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான்.
‘இன்னு பேஸ் நல்ல கிளீனாயிருந்து சேச்சி.
இதுக்கு முந்தி இத்ர தெளிவாக் கேட்டில்லா.’
நன்றி சொன்னேன்,
எந்த மொழியில் என்று ஞாபகமில்லை.
சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.
அவன் அதற்குள் ஏணியில் ஏறியிருந்தான்.

அடுத்த சனி பூவாறில் நிகழ்ச்சி.
சீட்டில் நாலுக்கு நேரே பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்.
கம்மலை மறக்காமல் போட்டுப் போகணும்.
எந்தப் பொத்தான் என்பதை
அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.