காலியாக இல்லை

பன்னிரண்டு மணிக்குப் பழைய சேவையகத்தை அணைத்துவிடுவார்கள்.
அதற்குள் ஹோக்னியின் கோப்புறையைத்
துடைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு.
டோர்ஷவ்ன் துறைமுகத்துக் காற்று
சன்னல் கண்ணாடியை நெம்பிக்கொண்டிருந்தது.
கடல் ஆய்வகத்தின் அடித்தளத்தில் நான்,
ஒரு கறுப்புத் திரை,
கண் சிமிட்டும் ஒற்றைக் கோடு.

பெயர் சொன்னால்தான் கதவு திறக்கும் வீடு.
cd போட்டு இறங்கினேன்.
வெப்பநிலை.
அதற்குள் வெப்பநிலை_புதிது.
அதற்குள் வெப்பநிலை_புதிது_சரியானது.
அதற்குள் இதைத்_தொடாதே.
தொட்டேன்.
அதற்குள் மறுபடி வெப்பநிலை.
ஆள் கோபன்ஹேகனுக்குப் போய் மூன்று வருடம்,
குழப்பம் மட்டும் குடிபெயரவில்லை.

உள்ளதை எல்லாம் வேறிடம் அனுப்பிவிட்டு
அடியிலிருந்து மேலே வந்தேன்,
இரண்டு புள்ளிக்கு ஒரு படி.
காலியான அறைகள் ஒவ்வொன்றாய்
rmdir
ஓசையில்லாமல் போயின.
நல்லது நடந்தால் வாய் திறக்காத இயந்திரம்.

கடைசி ஒன்று மட்டும் மறுத்தது:
காலியாக இல்லை.
ls போட்டேன். ஒன்றுமில்லை.
மறுபடி rmdir.
காலியாக இல்லை.
விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாய்ப் பத்து நிமிடம்.
rm -rf என்று விரல் பாதி அடித்தது.
அது எதையும் கேட்காது, எதையும் விடாது.
அடித்ததை அழித்துவிட்டுக்
காப்பி போடப் போனேன்.

ls -a

பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும்,
எந்தக் கோப்பும் தலைமறைவாகிவிடும்.
.படகு
திறந்தேன்.
நோல்சோய் தீவிலிருந்து வேலைக்கு வந்தவர் அவர்.
ஒன்பது வருடம், காலைக்கு ஒரு வரி:

ஆறு நிமிடம் தாமதம். மூடுபனி.
தாமதமில்லை.
பதினொரு நிமிடம். ஆடு ஒன்று இறங்க மறுத்தது.
படகு இல்லை. காற்று.
படகு இல்லை. காற்று.
படகு இல்லை. அவளும் பேசவில்லை.
இரண்டு நிமிடம். வெயில்!

எங்கள் கருவிகளின் கணக்கில்
ஓட்டையில்லாத வருடம் ஒன்றுகூடக் கிடையாது.
மின்வெட்டு, உப்பு, ஒருமுறை
கேபிளைக் கடித்த கடல்நாய்.
இதில் ஒரு காலைகூட விட்டுப்போகவில்லை.

பதினொன்று ஐம்பது.
புதிய வட்டில்
mkdir -p கடல்/நோல்சோய்/தாமதம்
மேலே எதுவும் இல்லாவிட்டாலும்
வரிசையாய்த் தானே எழுப்பிக்கொள்ளும் கட்டளை:
முதலில் கடல், கடலுக்குள் தீவு,
தீவுக்குள் தாமதம்.

கோப்பை நகர்த்தும்போது
முன்னாலிருந்த புள்ளியை எடுத்துவிட்டேன்.
எல்லோரும் பார்க்கட்டும்.
பிறகு அந்தப் பேசாதவள் நினைவுக்கு வந்தாள்.
புள்ளியைத் திரும்ப வைத்தேன்.

rmdir

திரை ஒன்றும் சொல்லவில்லை.