இன்னைக்கு நான் ஜார்க்கண்டு

நாலுவழிச் சாலையில் பணகுடி வருமுன்னே
காற்றாலைகளுக்கு நடுவே
இந்தியா இருக்கிறது.
பெரியவர்களுக்கு ஆயிரத்து நூறு,
நாலடிக்குக் கீழே பாதி.

காலை ஏழே முக்காலுக்குச்
சுவரில் தாள் ஒட்டுவார்கள்.
திங்கள் நான் பஞ்சாப்.
செவ்வாய் குஜராத், முழங்கை வரை வளையல்.
யாருக்காவது காய்ச்சல் என்றால்
மதியத்துக்குள் மாநிலம் மாறும்.
"ஏட்டி முப்பிடாதி, இன்னைக்கு நீ ஜார்க்கண்டு"
என்கிறார் சூப்பர்வைசர் ஞானதுரை,
கையில் மயிலிறகுக் கட்டு.

தமிழ்நாட்டுக்கு என்னைப் போட்டதே இல்லை.
அதற்கு நிறம் பார்த்து எடுத்திருக்கிறார்கள்,
கொச்சியிலிருந்து ரெண்டு பேர்.
பட்டுச் சேலை, பித்தளைக் குடம்.
வணக்கம் சொல்வது ஸ்பீக்கர், மும்பையில் பதிந்தது.
அந்த வணக்கத்தில் ஒரு சுழி குறைவு.

காஷ்மீருக்குப் பனி செய்ய
தினம் நாலு டேங்கர்
எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது.
தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம்.
குறை சொல்லவில்லை,
சம்பளம் ஒண்ணாந்தேதி டாண்ணு ஏறிவிடும்.

கழிப்பறைக் கண்ணாடியில்
தலைக்கு இறகு செருகிக்கொண்டிருந்தேன்.
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பார்த்தாள் புத்னி.
கும்லாப் பக்கம், மூணு ரயில், ரெண்டு ராத்திரி.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பிறகு குனிந்து
என் கொசுவத்தை உருவினாள்,
இடுப்பில் இறுக்கிச் சுற்றி முழங்காலுக்கு ஏற்றினாள்.
இறகுகளைப் பிடுங்கிக்
குப்பை வாளியில் போட்டாள்.
"இப்படியா?"
"இப்படி" என்றாள்,
அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்று.

மேடைக்கு ஓடிவந்தார் ஞானதுரை.
"எறகு எங்க? எறகு இல்லாம
எந்த ஊருன்னு எவனுக்குத் தெரியும்?"
அதுவும் சரிதான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்து
நோட்டில் என்னமோ எழுதினார்கள்.
முன்வரிசைப் பையன் கேட்டான்,
அக்கா, ஒங்களுக்குத் தமிழ் தெரியுமா?
மேடையில் பேசக்கூடாது.
இல்லை என்று தலையாட்டினேன்.

ஆறு மணிக்குத் தேசியகீதம்.
எல்லா மாநிலமும் அசையாமல் நிற்கணும்.
காஷ்மீர் உருகி
என் கால்விரலுக்கு வந்தது.
புத்னியும் கழிப்பறை வாசலில் நின்றாள்,
வாளியைக் கீழே வைக்கவில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் காற்றாலைகள்
பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஏழரை பஸ்ஸில் ஒரே சீட்.
வள்ளியூர் திரும்பும்போது
என் முழங்கையைத் தொட்டாள்.
"நாளைக்கு?"
தாள் ஒட்டணும், என்றேன்.