மினரல்

மூன்று விமானம் இறக்கிவிட்ட ஒரே குடும்பத்தை
திருவனந்தபுரத்தில் என் டிராவலரில் ஏற்றினேன்.
அட்டைப்பெட்டி பதினொன்று.
கால்வே, பெர்த், ஹூஸ்டன் என்று மார்க்கரில் எழுதி
அதற்கும் மேலே கயிறு.
மேல்புறம் ஞானாபரணம் கம்பவுண்டரின்
மூன்று பெண்மக்கள், நர்சு படித்துப் போனவர்கள்,
ஆளுக்கொரு பிள்ளையோடு
தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்.

பாலராமபுரம் தாண்டவில்லை, அதற்குள் சண்டை.
என் ஸ்பீக்கரில் யார் போன் பாடுவது?

கால்வே அட்ரியன் வைத்தது பிடில்.
ஒரு பிடில் ஓட, இன்னொன்று துரத்த,
கடைசிவரை கோழி அகப்படவில்லை.
பெர்த் ஜெஃப்ரின் பாட்டில் பாட்டே கிடையாது,
தகரக் கூரைமேல் தேங்காய் விழுந்துகொண்டே இருந்தது.
ஹூஸ்டன் மெர்லினா வைத்ததில் ஒருத்தன்
லாரியை, நாயை, விட்டுப்போன மனைவியை
அந்த வரிசையிலேயே நினைத்து அழுதான்.
எனக்கு அது பிடித்தது.
ஒன்பது வருஷம் நானும் லாரி.

பாலத்துக்கு ஒரு பாட்டு என்று தீர்ப்புச் சொன்னேன்.
நெய்யாறு பிடிலுக்குப் போனது.
மற்ற இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு
ஒருவர் இங்கிலீஷை ஒருவர் திருத்திக்கொண்டு வந்தார்கள்.

பாறசாலையில் வெயில் தாளாமல் நிறுத்தினேன்.
"மினரல்" என்றான் அட்ரியன்.
சீல் உடையாத தண்ணீர்க் குப்பி வாங்கி நீட்டினேன்.
முகம் வாடிவிட்டது.
அயர்லாந்தில் மினரல் என்றால் கலர் சோடாவாம்,
அவன் அம்மை பின் சீட்டிலிருந்து சொன்னாள்.
மெர்லினாவுக்குக் கோக்.
கறுப்பைக் கொடுத்தேன். இல்லை, ஆரஞ்சு கோக் வேண்டும்.
அவள் வீட்டுப் பக்கம்
குப்பியில் நுரைக்கிற எல்லாவற்றுக்கும் அதுதான் பேர்.
ஜெஃப்ரின் சாப்ட் டிரிங் என்றான்,
என்ன கொடுத்தாலும் குடித்தான்.

கடைக்கார சுகுமாரன் என்னைப் பார்த்து,
"தனிக்கு வெள்ளம் மதியோ?"

மெர்லினா சீட்மேல் ஏறி நின்றுவிட்டாள்.
வெள்ளமா? எங்கே?
சனிக்கிழமைதோறும் சென்னை டீச்சரிடம்
கம்ப்யூட்டரில் தமிழ் படிக்கிறாளாம்.
அவர்கள் வீட்டுக்குள் ஒருமுறை வந்திருக்கிறது,
சோபா முங்க. படகில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.
இறங்கு மக்களே, என்றேன்,
இங்கே அதை தம்ளரில் தருவார்கள்.
ஈரோட்டில் ஒரு மெஸ்ஸில்
குடிக்க வெள்ளம் கேட்டிருக்கிறேன் நான்.
மேட்டூர் திறந்தால் வரும் என்றான் பரிமாறினவன்.
அந்தப் பந்தி முழுக்கச் சிரித்தது.
அதற்குப் பிறகு நாலு மாதம்
கையைக் காட்டியே குடித்தேன்.

அவள் இறங்கவில்லை.
தம்ளரை மேலே வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து,
மெல்லக் குடித்தாள்.

களியக்காவிளை நெரிசலில் ரேடியோவைத் தொட்டேன்.
மலையாளத்தில் மழை அறிவிப்பு,
நடுவே ஒரு தமிழ் நகைக்கடை,
மறுபடியும் மழை.
அப்போதுதான் ஜெஃப்ரின் குனிந்து தேடினான்,
ஒரு தாங்கைக் காணோம் என்று.

மெர்லினா சிரித்தாள் பாருங்கள்,
மூக்கில் ஆரஞ்சு ஏறி, விக்கி, மறுபடி சிரித்தாள்.
அட்ரியனுக்கும் புரிந்துவிட்டது போல,
சன்னலில் நெற்றியை முட்டினான்.
தாங் என்றால் என்ன என்று கேட்டேன்.
தாய்மார் மூன்று பேரும்
மூன்று சன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள்.

ராத்திரி குழித்துறையில் வண்டி கழுவும்போது
கடைசி சீட்டடியில் கிடைத்தது.
இடதுகால். நீலம்.
"ஆருடைய செருப்பு?" என்றாள் ஸ்ரீஜா.
அவள் நெய்யாற்றின்கரைக்காரி.
கட்டிவந்த புதிதில் "ஒண்ணு சம்சாரிக்கணும்" என்பாள்,
சம்சாரமே சம்சாரிக்கிறதா என்று நான் வம்பிழுப்பேன்,
இரண்டு நாள் பேச்சிருக்காது.
செருப்பில் மட்டும் எங்களுக்குத் தகராறு வந்ததில்லை,
அமரவிளை செக்போஸ்டில் நிற்காமல்
இரண்டு பக்கமும் நடக்கிற சொல்.

செருப்பைத் தூக்கிக் காட்டி
"தாங்" என்றேன், அந்தப் பையன் சொன்ன மாதிரியே.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

காலையில் மேல்புறம் போகணும்.
அந்த லாரிக்காரன் பாட்டு யாருடையது என்று
மெர்லினாவிடம் கேட்க வேண்டும்,
அவள் தூங்கி எழுந்திருந்தால்.