வெறுந்தந்தி

அக்கரைப்பற்றில் பஸ் இறக்கிவிட்டபோது மழை.
யாழ்ப்பாணத்திலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த
வயலின் பெட்டியை
எனக்கு முன்னே ஓட்டோவில் ஏற்றி
றெக்சின் திரையை இழுத்துக் கட்டினார் அப்பா.
நான் நனைந்தேன்.
அது நனையவில்லை என்று
தம்பிலுவில் வரும்வரை மூன்று தரம் சொன்னார்.

லீவு பதினெட்டு நாள்.
தை எட்டாம் தேதி செய்முறைச் சோதினை.

ஈரத்துக்குப் பிருடை உப்பி இறுகிக் கிடந்தது.
சோக்குத் துண்டு உரசி
இரண்டு கையாலும் முறுக்க
மேல்தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது.
கையிலிருந்த கடைசித் தந்தியை
மூச்சுப் பிடித்துக்கொண்டு மாட்டினேன்.
"அதுக்கு எவ்வளவு?" என்றா அம்மா.
பாதி விலை சொன்னேன்.
அதற்கே பெருமூச்சு விட்டா.

தம்பிக்கும் சோதினை.
காலையில் எட்டு மணிவரை படிப்பான், வாசிக்கக் கூடாது.
மத்தியானம் படுப்பான், வாசிக்கக் கூடாது.
பின்னேரம் பக்கத்து வளவில்
யோகமலர் மாமி நாடகம் பார்ப்பா.
மிச்சமிருப்பது கரண்ட் போகிற நேரம்.
என் தம்பூராவோ போனுக்குள் இருக்கிறது,
பற்றரி பதினேழு வீதம்.
அதிலும் அம்மா
சித்திக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை களப்பு நிரம்பி
முகத்துவாரம் வெட்டிவிட்டார்களாம்.
ஓட்டோக் கூலிக்குப் பதிலாக
ஒரு பை கெளுத்தியோடு வந்தார் அப்பா.
மாக் குழைத்த கையோடு அம்மா
"புள்ள, இதக் கொஞ்சம் வெட்டித் தா" என்றா.

முள்ளை முதலில் முறிக்க வேண்டும்.
தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும்.
ஆனால் அந்த நேரம் என் ஆள்காட்டி விரல்
தோடியின் காந்தாரத்தை
அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.
செத்ததென்று நினைத்த மீனும் அசைந்தது.

சுடுதண்ணி. மஞ்சள். இரண்டு பனடோல்.
விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்க
அம்மா ஓடிவந்து கேட்டா:
"எந்தக் கை?"
"இடக்கை."
"அப்ப சோறு தின்னலாம்."
அவவுக்கு அது ஆறுதல்.
எனக்கு அன்றைக்கு
உடம்பில் இடக்கை மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வில் மட்டும்.
கீழே ச, கீழே ப, நடுவில் ச, மேலே ப.
எந்த விரலும் எங்கேயும் தொடாமல்
அடியிலிருந்து நுனிக்கு,
நுனியிலிருந்து அடிக்கு.
தகரத்தில் மழை இரைகிறவரை
எல்லாம் சரியாகத்தான் போனது.
மழை விட்ட பிறகுதான் கேட்டது:
வில்லின் நடுவில் சின்ன உடைவு,
அடக்கின தும்மல் போல.
ஒவ்வொரு இழுப்பிலும், அதே இடத்தில்.

மூன்று வருடமாய் அது அங்கேதான் இருந்திருக்கிறது.
கமகத்துக்குப் பின்னால், வேகத்துக்குப் பின்னால்.
மறைத்தது நான்தான்.
மறைக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

வியாழன் இரவு, குப்பி விளக்கு.
விஞ்ஞானக் கொப்பியோடு கேதுஷன்
கதவடியில் வந்து நின்றான்.
நிறுத்தச் சொல்லப்போகிறான் என்று
வில்லைத் தூக்கினேன்.
"இல்ல, செய்."
"இரைச்சலா இல்லையா?"
"மத்ததெண்டா நம்மளக் கேக்கச் சொல்லுது அக்கா.
இது சும்மா கிடக்கு.
பாடமாக்க ஏலுது."

அமிலமும் காரமும் உப்பும்
என் கீழ்ச் ச-வுக்கு மேல் வரிவரியாய்ப் போயின.
அவன் பக்கம் திருப்பும்போது
நான் வில் திருப்பினேன்.
சிலநேரம் அவன் முந்தினான்.
உடைவு நிற்கவில்லை,
நுனிப் பக்கமாய்க் கொஞ்சம் தள்ளிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வீக்கம் வடிந்தது.
ஆள்காட்டி விரலை மெல்ல வைத்தேன்.
நொந்தது.
காந்தாரம் வந்தது,
கொஞ்சம் கெளுத்தி மணத்தோடு.
விரலை எடுத்துவிட்டு
மறுபடியும் வெறுந்தந்தியையே இழுத்தேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மா:
"கரண்ட் வந்திட்டு புள்ள,
அந்தப் போனச் சார்ச்சில போடு."