மணிக்கொரு விலை

மூன்று கம்பெனி, மூன்று தாள்.
இரண்டு ராத்திரி சமையல் மேசையில்.
யூனிட்டுக்கு எட்டு சென்ட்தான், வருஷம் முழுக்க மாறாது
என்றாள் ஐரா.
மாதச் சந்தாவைக் கூட்டினாயா
என்றான் வெய்க்கோ.
கூட்டவில்லை.
கூட்டினால் எட்டு பதினொன்றாகிறது.

கடைசியில்
மணிக்கொரு விலைக்கு மாறினார்கள்,
காற்றாலைகளை நம்பி.

கயானியில் ஜனவரி.
காற்று கைவிரித்துவிட்டது.
மாலை ஆறு மணிக்கு அறுபது சென்ட்.
அடுப்பைத் தொடாமல்
கம்பு ரொட்டியும் ஊறுகாய் மீனும் தின்றார்கள்.
யார் மாறச் சொன்னது என்று
இருவருமே கேட்கவில்லை,
கேட்காதது
மேசையில் மூன்றாவது தட்டாக இருந்தது.

வியாழன் பின்னிரவில் புயல்.
போன் அதிர்ந்தது:
மூன்று மணிக்கு விலை
பூஜ்யத்துக்கும் கீழே.
அவள் சவுனாவைச் சூடேற்றினாள்.
அவன் ஒரு வாரத்துத் துணியைத் திணித்தான் மெஷினில்.

வேர்வை ஆற, துண்டோடு
பால்கனிக்கு வந்தால்
எதிர்க் கட்டடத்தில் பதினாலு ஜன்னல் வெளிச்சம்.
மூன்றாம் மாடிக்காரர், பெயர் தெரியாது,
மாவு ஒட்டிய கரண்டியை உயர்த்தி ஆட்டினார்.

கேக் சுடுகிறார் போல, என்றாள் ஐரா,
கையாட்டியபடி.

நாலு மணிக்கு ஏறிவிடும்,
உள்ளே வா, என்றான் வெய்க்கோ.