பாட்டரி இறங்கிய வேகத்தில்

கப்பலுக்குப் போன பெர்க்மான்ஸ் கொண்டுவந்த கேசட்டுகள்
மொத்தம் பதினொன்று.
ஒன்றில் உப்பேறி நாடா சுருண்டுவிட்டது.
மீதி பத்தும் இங்கிலாந்துப் பையன்கள்:
கண்ணில் மை, கழுத்துவரை பொத்தான்,
டிரம்ஸ் அடிக்க ஆளில்லை,
ஒரு பெட்டி அடித்தது.

குளச்சலில் அப்போது சாயந்திரமானால் கரண்ட் இருக்காது.
டார்ச்சிலிருந்து உருவிய பாட்டரியில்
பாடகன் குரல் கிணற்றுக்குள் இறங்கும்.
சோகம் என்று நினைத்தோம்.
சாளை வாடையில் கால்நீட்டி உட்கார்ந்து
அந்தச் சோகத்தை மனப்பாடம் செய்தோம்.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் காசியோ வாங்கினார்கள்.
"லேய், அந்த டுடு டுங் வருமா?"
இரண்டு விரலில் வந்தது.
நன்மை வாங்க வரிசை நகர்கையில்
மெதுவாய் அதையே வாசித்தேன்.
எந்த மறைமாவட்டத்துப் பாட்டு என்று கேட்டார் சாமியார்.
பெர்க்மான்ஸ் இருமினான்.
தூத்துக்குடி என்றேன்.

போன மாசம்
எனக்க மகள் ஷெரின் அதை போனில் தேடி எடுத்தாள்.
யாரோ பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி இருந்தது.
குரலோ மீசை முளைக்காத குரல்.
சோகமெல்லாம் இல்லையாம், டான்ஸ் ஆடுகிற பாட்டாம்.

பெர்க்மான்ஸுக்கு அனுப்பினேன்.
ரெண்டு நாள் கழித்துப் பதில்:
"இது டூப்பு மக்கா."

ஷெரின் சிரித்துக்கொண்டே
எதையோ தொட்டு வேகத்தை முக்காலாக்கினாள்.
பாட்டு மெதுவாய்த்தான் நடந்தது.
குரல் மட்டும் இறங்கவில்லை,
கிணற்று விளிம்பில் நின்று
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.